பாதம் தூக்க முடியவில்லையா? டிஸ்க் விலகலில் தொடங்கி நுண்துளை அறுவை சிகிச்சை வரை

முதலில் காட்டிக்கொடுப்பது செருப்புதான். பின்பட்டை இல்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு நாலு அடி நடந்தால் ஒரு கால் செருப்பு மட்டும் பின்னாலேயே தங்கிவிடும். போட்டிருப்பவருக்கு அது தெரிவதே இல்லை. கூட வருபவர்தான் சொல்வார். அடுத்து, நடக்கும்போது ஒரு பாதம் மட்டும் தரையில் ‘டப் டப்’ என்று அறையும். அப்புறம் படியேறும்போது பெருவிரல் படியின் விளிம்பில் இடிக்கும். இதைப் பாதத் தொய்வு என்கிறோம். மருத்துவமனையில் ‘ஃபுட் டிராப்’ என்பார்கள். முதுகில் டிஸ்க் விலகி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்குவது இதற்கு ஒரு முக்கியமான காரணம்.

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, பாதம் இன்னும் சரியாகத் தூக்கவராத நிலையில் வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். சிலருக்குப் பலம் மளமளவென்று திரும்புகிறது. சிலருக்கு ஒரு வருடம் உழைத்தும் பாதிதான் வருகிறது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் பல. ஆனால் ஒன்றை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: வலியை வைத்து நோயை அளந்தவர்கள் தாமதமாக வருகிறார்கள். பாதத்தின் பலத்தை வைத்து அளந்தவர்கள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான்.

படி 1: இன்றைக்கே பலத்தை அளந்து, தேதியோடு எழுதிவையுங்கள்

சுவர் ஓரமாக, பிடித்துக்கொள்ள ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்து பாருங்கள். மூன்றே சோதனைகள்.

குதிகாலை மட்டும் ஊன்றி, விரல்களை மேலே தூக்கியபடி பத்து அடி நடங்கள். ஒரு பக்கம் மட்டும் விரல்கள் தரையைத் தொட்டுவிட்டால் பாதத்தைத் தூக்கும் தசை பலவீனமாக இருக்கிறது.

சுவரில் கை வைத்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நல்ல காலில் பத்து முறை வருகிறது, மற்றதில் மூன்றாவதிலேயே தளர்ந்துவிடுகிறது என்றால் கெண்டைக்கால் தசை பலவீனம்.

கடைசியாக, உட்கார்ந்துகொண்டு பெருவிரலை மட்டும் முகத்தை நோக்கி மடக்குங்கள். இன்னொருவர் தன் ஆள்காட்டி விரலால் அதைக் கீழே அழுத்தட்டும். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாவது இடுப்பு நரம்பு (எல்5) பாதிக்கப்படும்போது பல பேருக்கு முதலில் தளர்வது இந்தப் பெருவிரல்தான். வலி அதிகமாக இருக்கும் நாட்களில் இதை யாரும் கவனிப்பதே இல்லை.

மருத்துவர்கள் தசைப் பலத்தை 0 முதல் 5 வரை எண்ணால் குறிப்பார்கள். 5 என்றால் முழுப் பலம். 4 என்றால் எதிர்ப்பைத் தாங்குகிறது, ஆனால் அழுத்தினால் தோற்றுப்போகிறது. 3 என்றால் புவியீர்ப்பை மட்டும் எதிர்த்துத் தூக்க முடிகிறது, லேசாக அழுத்தினால் விழுந்துவிடுகிறது. 2 என்றால் எடையில்லாமல் பக்கவாட்டில் நகர்த்தத்தான் முடிகிறது. 1 என்றால் தசை துடிப்பது மட்டும் தெரிகிறது, அசைவு இல்லை. 0 என்றால் ஒன்றுமே இல்லை. உங்கள் மருத்துவச் சீட்டில் இந்த எண்ணைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். “கால் கொஞ்சம் வீக்” என்று எழுதியிருந்தால் அடுத்த வாரம் பார்ப்பவருக்கு எதுவும் புரியாது. “பெருவிரல் 3, பாதம் தூக்கல் 4” என்று எழுதியிருந்தால் குறைகிறதா கூடுகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

முடிந்தால் நடையைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம்பிடித்து வையுங்கள். பத்து வினாடி போதும்.

படி 2: உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டிய அறிகுறிகள்

சிறுநீர் வரவில்லை, அல்லது போவதே தெரியவில்லை. மலம் அடக்க முடியவில்லை. பிறப்புறுப்பைச் சுற்றியும், உட்காரும்போது இருக்கையில் படுகிற இடத்திலும் மரத்துப்போயிருக்கிறது. இரண்டு காலும் சேர்ந்து பலமிழக்கின்றன. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டுக் கிளம்புங்கள். தண்டுவடம் முடிந்தபின் குதிரைவால் மாதிரி தொங்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குவதன் அடையாளம் இது. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்தக் கூடாது. கூச்சத்தால் இதைச் சொல்லாமல் விட்டவர்கள் உண்டு. மருத்துவரிடம் இதைச் சொல்ல வெட்கப்படவே வேண்டாம்.

இன்னொன்று: பாதத்தோடு கையும் தளர்ந்தது, வாய் கோணியது, பேச்சு குழறியது என்றால் கோளாறு கீழ்முதுகில் இல்லை, மூளையில் இருக்கலாம். அதற்கும் அவசரப் பிரிவுதான்.

படி 3: கோளாறு எங்கே என்று புரிந்துகொள்ளுங்கள்

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள். அவற்றை எல்1 முதல் எல்5 வரை எண்ணுவார்கள். அதற்குக் கீழே, இடுப்புக்கூட்டின் பின்பக்க எலும்பில் முதலாவது, எஸ்1. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருப்பதுதான் டிஸ்க். நம் பேச்சில் ஜவ்வு. அதன் வெளிச்சுற்று அடுக்கடுக்கான நார். உள்ளே கூழ் போன்ற பொருள். நாரில் விரிசல் விழுந்தால் உள்ளே இருப்பது பிதுங்கி வெளியே வரும். சரியாக அந்த இடத்தில்தான் காலுக்குப் போகும் நரம்பு வேர் ஓடுகிறது.

நாலாவது ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் எல்5 நரம்பு நசுங்கும். பாதத்தையும் பெருவிரலையும் தூக்குவது அந்த நரம்பின் வேலை. அதற்குக் கீழே உள்ள டிஸ்க் பிதுங்கினால் எஸ்1 நரம்பு. அப்போது நுனிக்காலில் நிற்க முடியாது, பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும். டிஸ்க் நடுவில் பிதுங்காமல் வெகு ஓரமாகப் பிதுங்கினால் இந்தக் கணக்கு ஒரு படி மாறும். அதனால்தான் ஸ்கேனை மட்டும் பார்க்காமல் காலையும் தொட்டுப் பரிசோதிக்கிற மருத்துவர் தேவை.

பாதம் தொய்ந்தாலே டிஸ்க்தான் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். பாதம் தூக்கும் நரம்பு அந்த முண்டைச் சுற்றித் தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. மணிக்கணக்கில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாலும், குந்தி உட்கார்ந்து வேலை செய்தாலும், இறுக்கமான மாவுக்கட்டு போட்டாலும், உடம்பு வேகமாக இளைத்தாலும் அங்கே நசுங்கலாம். முதுகில் ஒரு குறையும் இல்லாமல் பாதம் தொங்கும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. பாதத்தை உள்பக்கமாக, மற்றக் காலை நோக்கித் திருப்பச் சொல்வோம். முழங்காலருகே நசுங்கியிருந்தால் இந்த அசைவு பலமாகவே இருக்கும். முதுகில் எல்5 நசுங்கியிருந்தால் இதுவும் தளர்ந்திருக்கும். கூடவே இடுப்பைப் பக்கவாட்டில் விரிக்கும் பலமும் குறைந்திருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தேவையில்லாத முதுகு அறுவை சிகிச்சையைத் தவிர்க்கிற வல்லமை இதற்கு உண்டு.

படி 4: ஸ்கேன்

எக்ஸ்ரேயில் டிஸ்க் தெரியாது, நரம்பும் தெரியாது. எம்ஆர்ஐதான் வேண்டும். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் எப்போதோ பட்ட உலோகத்துகள் என்று உடம்பில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் நாலு சொற்கள் வரும். ‘பல்ஜ்’ என்றால் டிஸ்க் சுற்றிலும் லேசாகப் புடைத்திருக்கிறது. ‘ப்ரோட்ரூஷன்’ என்றால் ஒரு பக்கமாகப் பிதுங்கியிருக்கிறது. ‘எக்ஸ்ட்ரூஷன்’ என்றால் நாரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ‘செக்வெஸ்ட்ரேஷன்’ என்றால் துண்டு தனியாகவே பிரிந்து கிடக்கிறது. கடைசிச் சொல்லைப் பார்த்துப் பலர் நடுங்கிப்போகிறார்கள். உண்மையில், பிரிந்த துண்டையும் பெரிதாகப் பிதுங்கியதையும் உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவது சகஜம். கவலைக்குரிய கேள்வி, அது கரையும்வரை நரம்பு தாக்குப்பிடிக்குமா என்பதுதான்.

முதுகுவலியே வராதவர்களின் ஸ்கேனிலும் டிஸ்க் புடைப்பு தெரியும். வயது ஏற ஏற இன்னும் அதிகமாகத் தெரியும். ஆகவே ஸ்கேனில் தெரியும் பக்கமும் மட்டமும் (எந்த இரு எலும்புகளுக்கு நடுவே என்பது) உங்கள் காலின் பலவீனத்தோடு பொருந்த வேண்டும். இடதுகால் தொய்ந்திருக்கும்போது ஸ்கேனில் வலப்பக்கப் பிதுக்கம் என்றால் யாராக இருந்தாலும் மறுபடி யோசிக்கத்தான் வேண்டும்.

சந்தேகம் இருந்தால் நரம்பு மின்சோதனை செய்வார்கள். தசைக்குள் மெல்லிய ஊசி வைத்துப் பார்ப்பது இது. நரம்பு அடிபட்டு இரண்டு மூன்று வாரம் ஆனபிறகுதான் இதில் மாற்றங்கள் சரியாகத் தெரியும். அதனால் முதல் வாரத்தில் ‘நார்மல்’ என்று வந்தால் நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம்.

படி 5: பொறுப்பதா, அறுவை சிகிச்சையா?

காலில் வலி மட்டும், பலம் முழுதாக இருக்கிறது என்றால் அவசரமே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் மருந்து, நடை, உடற்பயிற்சியோடு வலி தணிந்துவிடும். அவர்களை அறுவை சிகிச்சைக்கு விரட்டுவது தவறு.

பலம் குறைந்திருந்தால் வேறு கணக்கு. 4 அளவில் இருக்கிறது, வாராவாரம் அளந்தாலும் அப்படியே நிற்கிறது அல்லது ஏறுகிறது என்றால் மருத்துவர் கண்காணிப்பில் பொறுக்கலாம். 3 அல்லது அதற்குக் கீழே இறங்கிவிட்டது, அல்லது நாளுக்கு நாள் இறங்குகிறது என்றால் முதுகுத்தண்டு சர்ஜனை அந்த வாரமே பார்க்க வேண்டும். முடிந்தால் ஓரிரு நாளில். இத்தனை மணிநேரத்துக்குள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கெடு பாதத் தொய்வுக்கு இல்லை. ஆனால் பலவீனம் எவ்வளவு ஆழமாக இருந்தது, எவ்வளவு நாள் நீடித்தது என்ற இரண்டும்தான் பின்னால் எவ்வளவு திரும்பும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நரம்பை விடுவித்தாலும் தசை பதில் சொல்லாமல் போகலாம்.

என்னிடம் வந்த ஒருவரை இன்றும் மறக்க முடியவில்லை. இடுப்பிலிருந்து கால்வரை மூன்று வாரம் நெருப்பாக எரிந்த வலி, ஒரு காலையில் சட்டென்று நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாத்திரையை நிறுத்தினார். பாதம் கொஞ்சம் இழுத்தது. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டார். ஏழு வாரம் கழித்து, பையிலிருந்து ஷூவை எடுத்து என் முன்னால் வைத்தார். வலதுகால் ஷூவின் முன்முனையில் ரப்பர் முழுக்கத் தேய்ந்து, உள்துணி வெளியே தெரிந்தது. இடதுகால் ஷூ புதுசு மாதிரி இருந்தது. பாதம் தூக்கும் பலம் 1.

வலி நின்றது நல்ல சேதி என்று எப்போது நம்பலாம்? வலி போனதோடு பலமும் ஏறியிருந்தால் நம்பலாம். வலி போய், மரப்பும் பலவீனமும் கூடியிருந்தால் நரம்பு ஓய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வலி குறைந்த அன்றைக்கே பெருவிரலைச் சோதித்துப் பாருங்கள்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும் இதே விதிதான். வலியைக் குறைக்க அது உதவும். நசுக்கும் துண்டை அது அகற்றாது. இறங்கிக்கொண்டே போகும் பலத்துக்கு ஊசியை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

படி 6: எந்த முறை, யார் கையால்

டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குவதுதான் கால்வலிக்குக் காரணம் என்பதையும், அதை அறுவை சிகிச்சையால் நீக்கலாம் என்பதையும் 1934இல் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் விளக்கமாக எழுதினார்கள். அந்தக் காலத்தில் முதுகை நீளமாகத் திறந்து, தசையை எலும்பிலிருந்து உரித்து விலக்கிச் செய்தார்கள். 1977இல் யாசர்கிலும் காஸ்பரும் தனித்தனியே மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். 1997இல் ஃபோலேயும் ஸ்மித்தும் ஒரு சின்னக் குழாய் வழியாகச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். நரம்பை விடுவிக்கும் வேலை அன்றும் இன்றும் ஒன்றுதான். வழியில் தசைக்கு ஏற்படும் சேதம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

இன்று உங்களுக்குச் சொல்லப்படக்கூடியவை மூன்று. மைக்ரோஸ்கோப் முறையில் மூன்று நாலு சென்டிமீட்டர் கீறல். குழாய் முறையில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் கீறல். தசையை வெட்டாமல் நார்களுக்கு இடையே வழி விலக்குவார்கள். எண்டோஸ்கோப் முறையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை. கேமராவைச் செலுத்தி, உப்புநீர் ஓடிக்கொண்டிருக்கச் செய்வார்கள். இதைப் பின்புறமாகவும் செய்யலாம், நரம்பு வெளியேறும் பக்கவாட்டுத் துளை வழியாகவும் செய்யலாம். பக்கவாட்டு வழியில் இடத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்வதும் உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது? சின்னத் துளையில் செய்தால் முதல் சில நாள் வலி குறையும், சீக்கிரம் எழலாம். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இந்த முறைகளுக்கிடையே பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. என் கருத்து இது: துளையின் அளவைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அந்தச் சர்ஜன் தினமும் எந்த முறையில் செய்து பழகியிருக்கிறாரோ, அதுவே உங்களுக்கும் பாதுகாப்பானது. துண்டு எங்கே கிடக்கிறது என்பதும் முக்கியம். எலும்புக்குப் பின்னால் வெகு தூரம் மேலேயோ கீழேயோ நகர்ந்துவிட்ட துண்டுக்கு எல்லாத் துளையும் எட்டாது. அதேபோல், லேசரால் டிஸ்க்கைச் சுருக்குகிறோம், ஊசியில் ஓசோன் செலுத்துகிறோம் என்ற விளம்பரங்களை நம்பி, பாதம் தொய்ந்த நிலையில், நாளை இழக்காதீர்கள். பிரிந்து கிடக்கும் துண்டை அவை வெளியே எடுப்பதில்லை.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை: எந்த மட்டம், எந்தப் பக்கம்? என் காலின் பலவீனத்தோடு அது பொருந்துகிறதா? நீங்கள் இந்த முறையில் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? துளை வழியாக முடியாவிட்டால் திறந்து செய்வீர்களா? ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைக்க வேண்டும் என்றால் ஏன்? முதல் முறை வந்த சாதாரண டிஸ்க் பிதுக்கத்துக்கு, எலும்பு வழுக்கியிருந்தாலோ ஆட்டம் கண்டிருந்தாலோ ஒழிய, ஸ்க்ரூ பொதுவாகத் தேவைப்படாது. அப்படிச் சொன்னால் இரண்டாவது கருத்து கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அந்த இரண்டாவது கருத்தை அதே வாரத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 7: தயாராவது

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். தானாக நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. நிறுத்தாமல் போவது முதுகுக்கு ஆபத்து. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் கிருமித்தொற்று குறையும். புகைப்பவர்கள் இன்றே விடுங்கள். காயம் ஆறுவதும் சரி, டிஸ்க் திரும்பப் பிதுங்காமல் இருப்பதும் சரி, அதையும் பொறுத்திருக்கிறது. மயக்கம் கொடுப்பதற்கு ஆறு மணிநேரம் முன்பிருந்து திட உணவு கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் பொதுவாக இரண்டு மணிநேரம் முன்புவரை குடிக்கலாம்.

வீட்டில் தரைவிரிப்பு, மின்கம்பி என்று கால் தட்டுகிற எதையும் அகற்றிவிடுங்கள். அடிக்கடி எடுக்கும் பொருட்களை இடுப்பு உயரத்துக்கு மாற்றுங்கள். குதிகாலைப் பிடிக்கும் ஷூ ஒன்று வாங்கி வையுங்கள். குனியாமல் போடுவதற்கு நீளமான ஷூக்கரண்டியும் வேண்டும்.

படி 8: அறுவை அரங்கில் நடப்பது

குப்புறப் படுக்கவைப்பார்கள். வயிறு அழுந்தாமல் மார்பையும் இடுப்பையும் மெத்தைகள் தாங்கும். முதல் வேலை, கீறுவதற்கு முன்பே மெல்லிய ஊசி ஒன்றை வைத்து எக்ஸ்ரே எடுத்து, சரியான மட்டம்தானா என்று உறுதிசெய்வது. அப்புறம், குழாய் முறை என்றால், சிறு கீறல். அதன் வழியாகப் பென்சில் கனத்தில் ஒரு குழாய், அதன்மேல் இன்னும் பெரியது, அதன்மேல் இன்னும் பெரியது என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் செலுத்தித் தசையை மெல்ல விலக்குவார்கள். கடைசிக் குழாய் மட்டும் அங்கே நிற்கும். அதற்குள் மைக்ரோஸ்கோப்பின் வெளிச்சம் இறங்கும்.

எலும்பின் ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்து, அதன் கீழே உள்ள மஞ்சள் தசைநாரை விலக்கினால் நரம்பு தெரியும். ஒருமுறை ஒரு சர்ஜன் எனக்குப் பதிவுசெய்த படத்தைக் காட்டினார். உருண்டையாக, வெளிறி இருக்க வேண்டிய நரம்பு வேர், நாடா மாதிரி தட்டையாகிச் சிவந்து, ஒரு மேட்டின்மேல் இழுபட்டுக் கிடந்தது. அதை ஒரு மெல்லிய கொக்கியால் ஓரமாக ஒதுக்கி, கீழே இருந்ததைச் சின்ன இடுக்கியால் பிடித்து இழுத்தார். நைந்த திரி மாதிரி, வெள்ளையாக, நார் நாராக வந்தது. கட்டைவிரல் நகத்தளவுதான். அது வெளியே வந்ததும் நரம்பு மெல்ல இறங்கித் தன் இடத்தில் அமர்ந்தது. இவ்வளவு சின்னப் பொருளா ஒரு காலையே முடக்கியது என்று இருந்தது எனக்கு.

டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை. பிதுங்கியதையும் தளர்ந்ததையும் மட்டும்தான். சிக்கல் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒரு மணிநேரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

ஆபத்துகளையும் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள். நரம்பைச் சுற்றியுள்ள உறையில் கீறல் விழுந்து தண்டுவட நீர் கசியலாம். கிருமித்தொற்று வரலாம், நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வரும். ரத்தம் கட்டலாம். அபூர்வமாக, பலவீனம் முன்பைவிடக் கூடலாம். அதே இடத்தில் டிஸ்க் மறுபடி பிதுங்குவது நூறில் 5 முதல் 15 பேருக்கு நடக்கிறது.

படி 9: முதல் இரண்டு வாரம்

பலரும் அன்றே எழுந்து நடந்து, அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகிறார்கள். எழும்போது நேராக எழாதீர்கள். தோளும் இடுப்பும் சேர்ந்தாற்போல் ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டபடி கையை ஊன்றி எழுங்கள். ஒரு நாளைக்குப் பலமுறை சிறு சிறு நடை. தொடர்ந்து உட்காருவதை இருபது முப்பது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குனிவது, முறுக்குவது, எடை தூக்குவது மூன்றும் நாலு முதல் ஆறு வாரத்துக்குப் பொதுவாக வேண்டாம் என்பார்கள். இது சர்ஜனுக்குச் சர்ஜன் கொஞ்சம் மாறும். உங்களுக்குச் சொன்னதைக் கடைப்பிடியுங்கள்.

எழுந்து உட்கார்ந்தால் பிளக்கிற தலைவலி, படுத்தால் சரியாகிறது. காயத்திலிருந்து தெளிவான நீர் அல்லது சீழ். காய்ச்சல். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றுக்கு அன்றே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, புதிதாகப் பலம் இறங்கினாலோ நேரே கிளம்பிவிடுங்கள்.

படி 10: பலத்தைத் திரும்பக் கொண்டுவருவது

இங்கேதான் மனம் உடைகிறது. கால்வலி மயக்கம் தெளிந்ததுமே போயிருக்கும். “வலி போயிற்றே, பாதம் ஏன் இன்னும் வரவில்லை? ஆபரேஷன் தோற்றுவிட்டதா?” என்று கேட்காதவர்களே இல்லை. தோற்கவில்லை. வலி முதலில் போகும், பலம் அடுத்து வரும், மரப்பு கடைசியில் விலகும். சிலருக்குக் கொஞ்சம் மரப்பு தங்கியேவிடும்.

காரணம் நரம்புக்குள் இருக்கிறது. நரம்பு இழைமேல் இருக்கும் உறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களில் சீராகிப் பலம் வந்துவிடும். இழையே அறுந்திருந்தால் அது முளைத்து வளர வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முதுகிலிருந்து பாதம் தூக்கும் தசைக்கு அரை மீட்டருக்கு மேல் தூரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்லவேளையாக, பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். பிழைத்திருக்கும் இழைகள் பக்கத்தில் கிளைவிட்டு, ஆளில்லாத தசை நார்களையும் தங்கள் வசம் எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் மூன்று மாதத்தில் நல்ல ஏற்றம் தெரியலாம். அதற்கு அப்புறமும் ஒரு வருடம்வரை, சிலருக்கு இன்னும் கொஞ்சம் தாண்டியும், மெல்ல ஏறும்.

அதுவரை பாதத்தைக் கெடாமல் காப்பாற்ற வேண்டும். பாதம் தொங்கிக்கொண்டே இருந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாண் சுருங்கிவிடும். பலம் திரும்பும்போது கணுக்கால் மடங்காது. எனவே தினமும் மூன்று வேளை, காலை நீட்டி உட்கார்ந்து, நீளமான துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி உங்களை நோக்கி மெல்ல இழுங்கள். முப்பது வினாடி பிடித்து விடுங்கள், ஐந்து முறை. முதுகு வளையக் கூடாது. நீட்டி உட்காருவது வலித்தால் படுத்துக்கொண்டு செய்யலாம்.

அடுத்து, அசைவு. பாதம் துளியும் அசையாவிட்டாலும் தூக்க முயலுங்கள். இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் தூக்குவதாக நினைத்து, தளர்ந்த பாதத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். தசை துடிக்கத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுத்து, எடையில்லாமல் அசைக்கலாம். 3 ஆனதும் உட்கார்ந்து தூக்கலாம். 4 ஆனதும்தான் ரப்பர் பட்டை. களைத்து நடுங்கும்வரை போகக் கூடாது. பத்துப் பத்தாக, நாளில் பல தடவை. மின்தூண்டல் கருவியையும் சிலருக்கு வைப்போம். அது துணைதான், முயற்சிக்கு மாற்று ஆகாது.

பாதத்தைத் தாங்கும் பட்டை அல்லது பிளாஸ்டிக் தாங்கியைப் போட்டுக்கொள்ளத் தயங்காதீர்கள். போட்டால் தசை சோம்பேறியாகிவிடும் என்ற பயம் நிறைய பேருக்கு இருக்கிறது. விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல். பயிற்சி நேரத்தில் கழற்றலாம், வெளியே போகும்போது போடலாம். மரத்த பாதத்தில் உரசல் தெரியாது என்பதால், கழற்றியதும் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

வலதுபாதம் தளர்ந்திருந்தால், பிரேக்கை உறுதியாக, உடனடியாக மிதிக்க முடியும் என்று மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை கார் ஓட்டாதீர்கள்.

ஞாயிறுதோறும் முதல் படியில் சொன்ன மூன்று சோதனைகளையும் செய்து, அதே நோட்டில் எழுதுங்கள். தினமும் பார்த்தால் மாற்றமே இல்லாத மாதிரி இருக்கும். ஆறு வாரத்துக்கு முந்தைய வீடியோவையும் இன்றையதையும் அடுத்தடுத்துப் பாருங்கள், தெரியும். வலி திடீரென்று திரும்பினாலும் அன்று மாலையே பெருவிரலைச் சோதித்து எழுதுங்கள். பலம் அப்படியே இருந்தால் மறுநாள் சர்ஜனிடம் பேசினால் போதும். இறங்கியிருந்தால் அன்றே.

ஒரு வருடம் கழித்தும் வராவிட்டால்

அதற்கும் வழி இருக்கிறது. கார்பன் நாரில் செய்த எடை குறைந்த தாங்கிகள் ஷூவுக்குள் அடங்கிவிடும்; போட்டுக்கொண்டு மலையேறுகிறவர்கள் உண்டு. கணுக்காலில் வேலை செய்யும் வேறொரு தசையின் நாணை எடுத்து, பாதம் தூக்கும் இடத்துக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் எடுப்பது பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசையை. எல்5 நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தசையும் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், அதன் பலத்தை முன்கூட்டியே அளந்து பார்ப்பார்கள். கணுக்கால் இறுகாமல் மடங்கினால்தான் அந்தச் சிகிச்சையும் பலன் தரும். அதனால், பலம் வரவே இல்லை என்று தோன்றும் மாதங்களிலும் துண்டைப் போட்டு இழுக்கும் அந்தப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.